கம்பி நுனியை விரலால் தேடாதீர்கள்

தாடை எலும்பு முறிந்தவர்களுக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொன்னீர்கள். கம்பியை எப்படி முறுக்குவது, எந்தப் பல்லில் தொடங்குவது என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது என் விரலில் குத்திய ஒரு கம்பியைப் பற்றியும், அது குத்தியதும் என்னை நிறுத்திய ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருவரைப் பற்றியும்தான். பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. "பேரச் சொன்னீங்கன்னா நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் நிக்க வெச்சுக் கேப்பாங்க சார். வேணாங்க" என்றார். ஆகவே சிஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

தருமபுரி மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் இருந்தால் உடைந்த தாடைக்குப் பஞ்சமே கிடையாது. லாரியின் பின்னால் போய் மோதியவர்கள், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் பத்திரமாக வைத்துக்கொண்டு வண்டி ஓட்டி விழுந்தவர்கள், காரிமங்கலம் சந்தையில் மாட்டிடம் முட்டு வாங்கியவர்கள் என்று வாரம் முழுக்க வேலை இருக்கும்.

எனக்கு அப்போது என் கை வேகத்தில் ஏகப்பட்ட பெருமை. உங்களுக்குத் தெரிந்த வேலைதான். மேல் பல்வரிசைக்கு ஒரு பட்டை, கீழ் பல்வரிசைக்கு ஒரு பட்டை வைத்து, மெல்லிய எஃகுக் கம்பியால் ஒவ்வொரு பல்லோடும் கட்டி, கடைசியில் மேலையும் கீழையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஏறக்குறைய இருபது கம்பி ஆகும். மற்றவர்கள் ஒரு மணி நேரம் எடுக்கும் இந்த வேலையை நான் அரை மணியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அந்த அரை மணிக்குள், எனக்கு ஈடுகொடுக்க முடியாதவர்களைத் திட்டுவதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தேன். என் குரல் வராண்டாவைத் தாண்டி மருந்து வாங்கும் வரிசை வரைக்கும் கேட்கும் என்று பல வருடம் கழித்துச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர்களுக்கும் கிடைத்திருக்கும்.

ஊசி என்றால் தியேட்டரில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. கம்பிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. உண்மையில் கம்பியை வெட்டியதும் அதன் நுனி சாய்வாக, ஊசியைப் போலவே கூராக நிற்கிறது. இருபது கம்பி கட்டினால் அப்படி எத்தனை நுனிகள் நம் விரல்களுக்கு நடுவே நடமாடுகின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்லிடுக்கில் முன்னாலிருந்து செலுத்தும் கம்பி நாக்குப் பக்கம் எங்கே தலை நீட்டும் என்பதும் தெரியாது. அங்கேதான் நம் விரல் போய்க் காத்துக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம்விட மோசமான பழக்கம் ஒன்று எங்கள் எல்லோருக்கும் இருந்தது. வெட்டிய நுனிகளை ஈறுப் பக்கம் மடக்கிவிட்ட பிறகு, நோயாளியின் உதட்டில் எதுவும் குத்தாமல் இருக்கிறதா என்று ஆள்காட்டி விரலைப் பட்டையின் மேல் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்ப்போம். நோயாளிக்குக் குத்துமா என்று தெரிந்துகொள்ள நம் விரலைக் கொடுத்துப் பார்க்கிறோம்! யோசித்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் என் ஆசிரியர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன், என்னைப் பார்த்து என் உதவி மருத்துவர்களும் செய்தார்கள். உங்களில் சிலர் இப்போது சிரிப்பதைப் பார்த்தால் இன்னும் விட்ட பாடில்லை என்று தெரிகிறது.

சிஸ்டர் பிரசவ வார்டிலிருந்து எங்கள் தியேட்டருக்கு மாற்றலாகி வந்தவர். காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். அதிகம் பேசமாட்டார். கேட்ட கருவியைக் கேட்ட மாத்திரத்தில் கையில் வைப்பார், அவ்வளவுதான். வந்து ஒரு வருடம் போல ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் தியேட்டருக்குள் போனால் கருவித் தட்டில் புதிதாக ஒரு சமாச்சாரம் இருந்தது. பல்செட்டு செய்யப் பயன்படுத்தும் சிவப்பு மெழுகை ஒரு தட்டையான வில்லையாகத் தட்டிச் சுத்தமான தட்டில் வைத்திருந்தார். வெட்டி எடுக்கும் ஒவ்வொரு கம்பித் துண்டையும் அந்த மெழுகில் குத்தி நிறுத்த வேண்டுமாம். வெட்டாமல் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி ஒவ்வொன்றையும் ஒரு கிளிப் போட்டுப் பிடித்திருக்க வேண்டுமாம். பக்கத்தில் சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகளும் இருந்தன.

"இது என்ன சிஸ்டர், தேன்கூடா?" என்றேன்.

"இருக்கட்டுங்க சார். இருபது கம்பி குடுத்தா இருபது துண்டு எங்கண்ணுக்கு முன்னால வந்து நிக்கணுங்க."

"பஞ்சு எதுக்கு?"

"விரல்ல தடவறதுக்குப் பதிலா இத ஓட்டிப் பாருங்க சார். முனை இருந்தா பஞ்சு மாட்டிக்கும். முள்ளுல சேலை மாட்டற மாதிரிதாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரசவ வார்டுக்காரர்கள் எதையும் எண்ணி எண்ணித்தான் வைப்பார்கள், அந்தப் பழக்கம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கிளிப் போட்டால் எனக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும் என்று முணுமுணுத்தேன். அவர் கிளிப்பைத் தானே போட்டார், துண்டுகளைத் தானே மெழுகில் குத்தினார். பஞ்சை மட்டும் நான் தொடவில்லை. என் விரல் இருக்கும்போது பஞ்சு எதற்கு என்ற திமிர்தான். ஒவ்வொரு அறுவையிலும் கடைசியில் பஞ்சு உருண்டையைக் கிடுக்கியில் பிடித்து நீட்டுவார், நான் அதைத் தள்ளிவிட்டு விரலை ஓட்டுவேன், அவர் பஞ்சைத் திரும்ப வைப்பார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு நாள்கூட அவர் பஞ்சை நீட்டாமல் இருந்ததில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வத்தல்மலையிலிருந்து ஒரு விவசாயி. சாமை மூட்டையை டூ வீலரில் கட்டிக்கொண்டு இறங்கும்போது வளைவில் வண்டி சாய்ந்து, தாடையின் இரண்டு பக்கமும் உடைந்திருந்தது. அவர் மனைவி தியேட்டர் கதவருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரருக்குப் பேச்சு வருமுங்களா?"

"ஆறு வாரம் வாயைக் கட்டி வெச்சுருவேன். அதுக்கப்புறம் நீங்களே போதும்னு சொல்ற அளவுக்குப் பேசுவார்" என்றேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

உள்ளே போனதும் சிஸ்டர் நோயாளியின் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, மயக்க மருத்துவர், உதவி மருத்துவர், நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவருக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். எல்லாரும் ரெண்டு கிளவுஸ் போடுங்க. மூணு தடுப்பூசியும் போட்டாச்சான்னு ஒவ்வொருத்தரா சொல்லிருங்க."

மயக்க மருத்துவர் சொன்னார். உதவி மருத்துவர் சொன்னார். என் முறை வந்ததும், "அதெல்லாம் காலேஜ்லயே ஆச்சு" என்றேன்.

அது முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. கல்லூரியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன். மூன்றாவது ஊசி தேர்வு நேரத்தில் வந்தது, அப்புறம் போடலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் வரவே இல்லை. கேட்பவர்களிடம் போட்டாச்சு என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஊசி போட்ட பிறகு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் நான் பாடம் சொல்லும் விஷயமாக இருந்தது.

வேலை அருமையாகப் போனது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடிக்கும் இடத்தில் சரியாகப் பொருந்தின. எல்லாப் பல்லும் கட்டி முடித்து, மேலையும் கீழையும் பூட்டும் கம்பிகளில் இரண்டு மட்டும் மிச்சம். அதற்கு முன் கட்டியவற்றை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று, பஞ்சை நீட்டிய சிஸ்டரின் கையைத் தாண்டி என் விரலை உள்ளே விட்டேன். கடைவாய்ப் பக்கம் சரியாக மடங்காத ஒரு நுனி. ஒரு சுருக். அவ்வளவுதான், எறும்பு கடித்த அளவு. விரலை இழுத்தேன். உடனே, ஒன்றும் நடக்காதவன் போல அதே கையை அடுத்த கம்பிக்காக நீட்டினேன்.

கம்பி வரவில்லை.

"சார், கைய எடுங்க" என்றார் சிஸ்டர்.

"ஒண்ணும் இல்ல. கம்பியைக் குடுங்க."

"குத்திடுச்சு சார். நான் பாத்தேன்."

"பட்டுச்சு, குத்தல. ரெண்டே ரெண்டு கம்பி. முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்."

"இல்லீங்க சார்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. யார் டாக்டர், யார் சிஸ்டர் என்கிற ரகம். மயக்க மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு அவருடைய மானிட்டரைப் பார்த்தார். உதவி மருத்துவர் கன்னத்தை விலக்கிப் பிடித்த கையோடு சிலை மாதிரி நின்றார். சிஸ்டர் கம்பியையும் கிடுக்கியையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, குரலை ஒரு துளியும் உயர்த்தாமல் சொன்னார்.

"உங்களுக்காகச் சொல்லலைங்க சார். குத்துன விரலோட உள்ள போனா உங்க ரத்தமும் அவரு வாயில போவும். மயங்கிக் கெடக்கறாரு, வேணாம்னு அவரால சொல்ல முடியாது. அவருக்காக நான் சொல்றேன்."

எனக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தால் தைரியசாலி வேடம் போட்டிருப்பேன். நோயாளியின் பக்கம் போய் நின்றுகொண்டு பேசியவரிடம் எந்த வேடமும் செல்லவில்லை. பல வருடம் யோசித்திருக்கிறேன், அந்த ஒரு நொடியில் அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தோன்றியது என்று. என்னை அவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருந்தார்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். மேல் கிளவுஸ் பார்க்க முழுதாக இருந்தது. கழற்றியபோது உள் கிளவுஸின் நுனியில் கடுகளவு சிவப்பு. உதவி மருத்துவர் அந்த இரண்டு கம்பியையும் கட்டினார். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார், என் மனசுக்குள் அது பத்து மணி நேரம், ஆனால் என்னைவிடச் சுத்தமாகவே கட்டினார். கடைசியில் பஞ்சை ஓட்டிப் பார்த்து, என்னைக் குத்திய அந்த நுனியையும் கண்டுபிடித்து மடக்கினார். அதைக் கை கழுவிக்கொண்டே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டிருக்கும்போது சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"பிழியாதீங்க சார், சும்மா கழுவுங்க. மூணு ஊசியும் நெசமா போட்டீங்களா?"

"ரெண்டு" என்றேன். முதல் முறையாக வெளியே சொன்னேன்.

அவர் திட்டவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை. "அப்ப உடனே தடுப்பு மருந்து போடணும். நம்மகிட்ட இருப்பு இல்ல, சேலத்துல கேக்கறேன். சாயந்திரத்துக்குள்ள வந்துரும். அதுவரைக்கும் வூட்டுக்குப் போவக்கூடாது. இப்ப ரெஜிஸ்டர் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு போனார்.

ஊசி, கம்பி குத்திய காயங்களை எழுதும் பதிவேடு ஒன்று நர்சிங் சூப்பரிண்டெண்ட் அறையில் இருந்தது. அத்தனை வருட வேலையில் நான் அதைத் திறந்ததே இல்லை. எனக்குக் குத்தாமல் இல்லை, நிறையத் தடவை குத்தியிருக்கிறது, எழுதியதில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் முன் பக்கத்தைப் புரட்டினேன். எனக்கு முந்தைய பதிவு நம் சிஸ்டருடைய கையெழுத்தில் இருந்தது. தேதி ஒரு வருடத்துக்கு முந்தையது, நம் மெழுகு வில்லை வந்த திங்கட்கிழமைக்கு நாலு நாள் முன்னால்.

காயம்: இடது கை நடுவிரல். கருவி: தாடைக் கம்பி. எப்படி நடந்தது என்ற கட்டத்தில், 'கம்பியின் நுனி பிடிக்கப்படாமல் வெட்டப்பட்டது' என்று எழுதியிருந்தார். யார் வெட்டினார்கள் என்று இல்லை. எங்கள் தியேட்டரில் அப்போது கம்பி வெட்டுகிற ஆள் நான் ஒருவன்தான்.

நோயாளியின் இரத்தப் பரிசோதனை என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது. படித்ததும் எனக்கு ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். வடக்கே எங்கேயோ இருந்து வந்த லாரி டிரைவர். பரிசோதனைக் கிட் தீர்ந்துவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், மரத்துப்போக ஊசி போட்டு இப்போதே கட்டிவிடுகிறேன் என்று அவசரப்பட்டவன் நான். மறுநாள் காலையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். யாருடைய இரத்தம் என்று தெரியாததால் சிஸ்டர் இருபத்தெட்டு நாள் எச்ஐவி தடுப்பு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்குத் தவணை தவணையாக இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார். எல்லாத் தேதியும் வரிசையாக இருந்தது, கடைசியில் எல்லாம் நெகட்டிவ் என்றும் இருந்தது.

அந்த ஆறு மாதத்துக்கு நடுவில் எங்கள் மருத்துவமனையில் இரத்ததான முகாம் ஒன்று நடந்தது. சிஸ்டர் மட்டும் கொடுக்கவில்லை. "ஊருக்கே ஊசி போடறவங்களுக்கு ஊசின்னா பயம்" என்று எல்லோர் முன்னாலும் நான் கேலி செய்தேன். அவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பரிசோதனை முடியும்வரை அவர் இரத்தம் கொடுக்கக்கூடாது என்பது பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது பதிவேட்டில் கடைசிக் கட்டம். அதில் இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரி, 'மெழுகு வில்லை, ஒவ்வொரு நுனிக்கும் கிளிப், தடவப் பஞ்சு.' முதல் வரியை எழுதிவிட்டு, ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்திருந்தார். அடித்தாலும் படிக்க முடிந்தது. 'டாக்டரிடம் சொல்ல வேண்டும்.'

நான் எழுத வேண்டியதை எழுதினேன். எப்படி நடந்தது என்ற கட்டத்தில், பஞ்சைத் தள்ளிவிட்டு விரலால் தடவினேன், மூன்றாவது தடுப்பூசி போடவில்லை, போட்டதாகச் சொன்னேன் என்று மூன்றையும் எழுதினேன். பிறகு தியேட்டருக்குப் போனேன். சிஸ்டர் கருவிகளைத் துலக்குவதற்குப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, சிஸ்டர்."

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கையில் இருந்த கம்பி வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லணும்னுதாங்க சார் மூணு நாளு உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன். மூணு நாளும் உள்ள யாரையோ திட்டிட்டு இருந்தீங்க. நாலாவது நாளு, சரி, மெழுகு தட்டிரலாம்னு போயிட்டேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை வந்தது, குடை எடுத்துக்கொண்டேன் என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கியது. மன்னிச்சுக்குங்க என்றேன். என் வாழ்நாளில் தியேட்டருக்குள் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அத விடுங்க சார், ஊசி ஆறரைக்கு வருது. மூணாவது தடுப்பூசியும் கையோட போட்டுருவோம்" என்றார்.

சேலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மருந்து வந்தது. இரண்டு ஊசியையும் அவர்தான் போட்டார்.

மறுநாள் காலை முதல் நோயாளியை உள்ளே கொண்டுவருவதற்கு முன், தியேட்டரில் வேலை செய்யும் அத்தனை பேரையும் நிறுத்தி, நடந்ததை நானே சொன்னேன். என் விரலைப் பற்றியும் என் பொய்யைப் பற்றியும் சொன்னேன், ஒரு வருடத்துக்கு முன் கம்பியைப் பிடிக்காமல் வெட்டியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். சிஸ்டர் கேட்டதால் ஒரு விதி போட்டோம். கம்பி கட்டும்போது யார் வேண்டுமானாலும் 'கை' என்று சொல்லலாம். சொன்னதும் எல்லோரும் கையை வாயிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். எதற்கு என்று பிறகு கேட்கலாம். முதல் மாதம் பெரும்பாலும் எனக்குத்தான் 'கை' சொன்னார்கள். சில சமயம் வேண்டுமென்றே சொல்கிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன், ஆனாலும் கையை எடுத்தேன்.

ஆறு மாதம் நானும் காத்திருந்தேன். என் மனைவியிடம் சொன்னேன், வீட்டில் அவர் காட்டிய பொறுமையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய நாள் தூக்கம் பிடிக்காது. சிஸ்டர் இதே ஆறு மாதத்தை யாரிடமும் பேச முடியாமல், அதோடு என் கிண்டலையும் கேட்டுக்கொண்டு, ஒரு நாள்கூடக் கருவியைத் தாமதமாகக் கொடுக்காமல் கழித்திருக்கிறார் என்பதுதான் அப்போதெல்லாம் மனசில் ஓடும். கடைசிப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. வத்தல்மலைக்காரருக்கும் ஆறு வாரத்தில் கம்பி பிரித்தோம். முதல் வேலையாக, "டாக்டரு விரலு எப்படிங்க இருக்குது?" என்றுதான் கேட்டார். எல்லாம் அவர் மனைவி வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

என் குணம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். கோபம் வரும், பாதியில் விழுங்குவேன், சில நாள் விழுங்க முடியாமல் போகும். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், அரூரிலிருந்து ஒரு பெண் புதிதாகத் தியேட்டரில் நர்ஸாகச் சேர்ந்தாள். சேர்ந்து இரண்டாவது வாரம். நான் என் அறையில் கருவி விற்கும் கம்பெனிக்காரரைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். மழுங்கிப்போன கம்பி வெட்டிகளை அனுப்பியிருந்தார். எதிரில் இரண்டு மாணவர்கள் வேறு உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தது. அந்தப் பெண் நேராக உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"சார், குத்திடுச்சுங்க. நீங்க வெட்டுன கம்பிதாங்க சார் குத்துச்சு."

நான் போனை வைத்தேன். கழுவினாயா என்று கேட்டேன், கழுவிவிட்டேன் என்றாள். அவளோடு ஆய்வகம் வரைக்கும் நடந்து போனேன். அவளுக்கு மூன்று ஊசியும் போட்டு, எதிர்ப்புச் சக்தியும் பார்த்திருந்தது. நோயாளிக்கும் எல்லாம் நெகட்டிவ். பதிவேட்டில் 'யார் வெட்டியது' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தோம். அதில் என் பெயரை நானே எழுதினேன். மூன்று நாள் கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை என்பதில் எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. உடனே சிஸ்டரிடம் சொல்ல ஓடினேன்.

"குத்தி அஞ்சே நிமிஷத்துல வந்து சொல்லிட்டா சிஸ்டர்! கம்பெனிக்காரனை நான் திட்டிக்கிட்டு இருக்கேன், அதப் பாத்தும் உள்ள வந்துட்டா!"

சிஸ்டர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். முகம் மலரும், ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நான் நின்றேன். அவர் உருட்டுவதை நிறுத்திவிட்டு, விரல் விட்டு எதையோ எண்ணினார்.

"கை கழுவ மூணு நிமிஷம் போவட்டும். மிச்சம் ரெண்டு நிமிஷம் கதவுக்கு வெளிய நின்னு எதுக்கு யோசிச்சாளாம், கேட்டீங்களா சார்?"